பால்குடி மறக்கும்வரை

கொழும்பு
2024 ஜனவரி 8

அன்புள்ள நஃபீஸா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் ஹிஸ்புல்லா மச்சானும் மகள் அப்ராவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பள்ளிவாசல்துறையில் காற்று எப்படி? மச்சான் கடலுக்குப் போகிறாரா?

நான் இருக்கிறேன். இரண்டாம் தடவை மருந்து ஏற்றி முடிந்தது. தலையில் ஒரு முடி இல்லை. என் கணக்கு வகுப்புப் பிள்ளைகள் பார்த்தால் புதிதாக ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள். போனில் கதைத்தால் நீங்களும் அழுகிறீர்கள், நானும் அழுகிறேன், ஷஃபீனா வந்து போனைப் பறித்துக்கொண்டு போகிறாள். வாய் நிறையப் புண் வேறு. அதனால் இனிமேல் எழுதுவோம். உங்களுடைய எழுத்து இன்னும் நண்டு ஊர்ந்ததுபோல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். இரத்தப் புற்றுநோய் இப்போது அடங்கிக் கிடக்கிறது. இப்படி அடங்கியிருக்கும்போதே வேறொருவரின் மூலக் கலங்களை எனக்கு ஏற்ற வேண்டும் என்கிறார் டொக்டர். இரத்தத்தை உண்டாக்கும் விதை என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருடையதையும் ஏற்ற முடியாது. ஒவ்வொருவர் உடம்பிலும் தன்னுடையதை அடையாளம் காண இரண்டு சீட்டுகள் இருக்கின்றன, ஒன்று உம்மா தந்தது, ஒன்று வாப்பா தந்தது. முன்பு இரண்டும் பொருந்த வேண்டும். இப்போது ஒன்று பொருந்தினாலே போதும், பாதிப் பொருத்தம் என்கிறார்கள். பெற்றவர்களும் பெற்ற பிள்ளைகளும் எப்போதும் பாதிதான். எங்கள் உம்மாவும் வாப்பாவும் போய்விட்டார்கள். எனக்கும் ஷஃபீனாவுக்கும் பிள்ளை இல்லை. கூடப்பிறந்தவர் என்றால் நான்கில் ஒரு பங்கு முழுதாகப் பொருந்தும், இரண்டு பங்கு பாதி பொருந்தும், ஒரு பங்கு ஒன்றுமே பொருந்தாது. நான்கில் மூன்று நல்ல கணக்கு ராத்தா.

எனக்கு இருப்பது நீங்கள் ஒருவர்தான். ஒருநாள் வந்து இரத்தம் கொடுத்துப் பரிசோதித்துவிட்டுப் போங்கள். மச்சானுக்கும் அப்ராவுக்கும் என் சலாம்.

உங்கள் தம்பி,
முஸம்மில்


பள்ளிவாசல்துறை
2024 பெப்ரவரி 2

அன்பான தம்பி முஸம்மிலுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. பதில் எழுதப் பிந்தியதற்கு மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். உன்னுடைய சுகத்துக்காக ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் துஆ கேட்கிறேன்.

இந்த முறை சாளை மீன் நிறையப் பட்டது. வாடியில் உப்புப் போட்டுக் காயவைக்க ஆள் காணாது என்று நானும் போனேன். மழை திடீரென்று வந்து பாதியைப் பழுதாக்கிவிட்டது. அப்ரா சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். கணக்கில்தான் தட்டுத் தடுமாறுகிறாள், நீ பக்கத்தில் இருந்தால் நல்லது. பாறையில் கட்டின தேன் ஒரு போத்தலும் கருஞ்சீரகமும் அனுப்புகிறேன். டொக்டரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடு. வெள்ளிக்கிழமை வீட்டில் உனக்காகக் குர்ஆன் கத்தம் ஓதினோம்.

நீ எழுதிய விஷயத்தைப் படித்தேன். எனக்குச் சீனி வருத்தம் இருப்பது உனக்குத் தெரியும். என் இரத்தம் உனக்கு ஏற்ற நல்லதோ என்னவோ. சொந்தம் இல்லாத யாராவது பொருந்தமாட்டார்களா? வெளிநாட்டில் பட்டியல் இருக்கிறது என்று அப்ரா போனில் பார்த்துச் சொன்னாள். அதையும் விசாரித்துப் பார் தம்பி. மச்சானிடம் கதைத்துவிட்டு எழுதுகிறேன்.

ஷஃபீனாவுக்குச் சலாம் சொல்.

அன்புள்ள ராத்தா,
நஃபீஸா


கொழும்பு
2024 பெப்ரவரி 11

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தேன் வந்தது. டொக்டர் அதைத் தொட வேண்டாம் என்றார், ஷஃபீனா குடிக்கிறாள். உங்கள் சீனி எப்படி இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள்.

சீனி வருத்தம் பரிசோதனைக்குத் தடை இல்லையாம். வெளிநாட்டுப் பட்டியலில் தேடுகிறார்கள். எங்களைப் போன்றவர்கள் அதில் குறைவு, கிடைக்கும் என்று இருக்க வேண்டாம் என்றார் டொக்டர்.

உங்களுக்கு நினைவிருக்கிறதா? சின்ன வயதில் ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் மறுநாள் என்னை மட்டும் குறிஞ்சிப்பிட்டி மாமா வீட்டுக்கு அனுப்புவார் உம்மா. ஏன் என்று கேட்டால் அடி விழும். நான் அழுதுகொண்டு பஸ்ஸில் ஏற, நீங்கள் ஒரு துண்டு இறைச்சியை வாழையிலையில் சுற்றிக்கொண்டு பின்னால் ஓடி வருவீர்கள். ஒருமுறை விழுந்து முழங்கால் கிழிந்தது. அப்படி ஓடி வந்தவர் இப்போது ஏன் வரவில்லை? எனக்கு விளங்கவில்லை ராத்தா. ஊசிக்குப் பயம் என்றால் சொல்லுங்கள், நான் சிரிக்கமாட்டேன்.

உங்கள் தம்பி,
முஸம்மில்


பள்ளிவாசல்துறை
2024 மார்ச் 9

அன்பான தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். செவ்வாய்க்கிழமை உன்னைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ கையைத் தூக்கிக் காட்டினாய். அந்தக் கை எவ்வளவு மெலிந்துவிட்டது. இரத்தம் எடுத்த நர்ஸ் பிள்ளை நல்ல பிள்ளை, வலிக்கவே இல்லை. நான் பயந்தது ஊசிக்கு இல்லை.

முடிவு வரும்வரை தினமும் நஃபில் தொழுகிறேன். நாளை மறுநாள் நோன்பு தொடங்கினாலும் தொடங்கும். நோன்பில் கேட்கும் துஆ வீண்போகாது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். படித்தவன் நீ, எனக்கு விளங்கப்படுத்து. பால்குடி உறவு இரத்த உறவுபோல என்று நம் மார்க்கத்தில் இருக்கிறதே. ஒரே தாயிடம் பால் குடித்த இருவர் கல்யாணம் முடிக்கக்கூட முடியாது. அப்படியானால் இரண்டு வருடம் குடித்த பால் இரத்தத்தோடு சேர்ந்து ஒரு பாதியாவது ஆகியிருக்காதா? முழுதாக வேண்டாம், பாதிதானே தேவை. டொக்டரிடம் கேட்டு எழுது. நான் கேட்டேன் என்று சொல்ல வேண்டாம், சிரிப்பார்.

ராத்தா,
நஃபீஸா


கொழும்பு
2024 ஏப்ரல் 16

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் எல்லோருக்கும் பிந்திய பெருநாள் வாழ்த்து. அப்ரா உடுத்த சட்டையைப் படத்தில் பார்த்தேன், பெரிய மனுஷி ஆகிவிட்டாள்.

முடிவு வந்துவிட்டது. ஒன்றும் பொருந்தவில்லை. பாதி இல்லை, காலும் இல்லை. நான்கில் ஒரு பங்கு இப்படி ஆகும் என்று நான்தானே எழுதினேன். உம்மாவிடமிருந்து உங்களுக்கு ஒரு சீட்டு, எனக்கு மற்றது. வாப்பாவிடமும் அப்படியே. அவ்வளவுதான். இதில் யார் பிழையும் இல்லை. நீங்கள் வரப் பிந்தினீர்கள் என்று நான் மனதுக்குள் ஏசியதுதான் பிழை. உங்களுக்கு ஏதோ மனதில் பட்டிருக்கிறது, அதனால்தான் தயங்கியிருக்கிறீர்கள் என்று ஷஃபீனா சொல்கிறாள். அழவேண்டாம் ராத்தா. நீங்கள் அழுதால் சீனி கூடும்.

உங்கள் பால் கேள்வியை டொக்டரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. பால் வயிற்றோடு போய்விடும், எலும்புவரை போகாது என்றார். நாங்கள் இருவரும் ஒரே உம்மாவின் பாலைக் குடித்தும் இப்படித்தானே ஆனது.

நோய் இன்னும் அடங்கித்தான் இருக்கிறது. ஆள் கிடைக்கும்வரை மருந்தால் இழுத்துக்கொண்டு போவோம் என்கிறார்கள்.

உங்கள் தம்பி,
முஸம்மில்


கொழும்பு
2024 ஜூன் 8

அன்புள்ள மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இரண்டு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. சுகமில்லையோ என்று அவர் கவலைப்படுகிறார்.

அவருக்கு நோய் திரும்ப வந்துவிட்டது. அவர் எழுதும் நிலையில் இல்லை, நான் எழுதுகிறேன். இரத்தம் இரண்டு நாளுக்கு ஒரு பை, இரத்தம் உறைவதற்கான மஞ்சள் பை அநேகமாகத் தினமும் ஏறுகிறது. மறுபடி அடக்கப் புது மருந்து தொடங்கியிருக்கிறார்கள். அடங்கினாலும் இந்த முறை அதிக நாள் நில்லாது, உடனே ஏற்ற ஆள் வேண்டும் என்கிறார் டொக்டர். பெரியம்மா, சித்தப்பா பிள்ளைகள் என்று இரத்தச் சொந்தம் யார் இருந்தாலும் பரவாயில்லையாம். உங்களுக்குத்தான் குடும்பத்தில் எல்லோரையும் தெரியும். யாராவது இருந்தால் சொல்லுங்கள் மதினி. உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

ஷஃபீனா


பள்ளிவாசல்துறை
2024 ஜூன் 18

தம்பி முஸம்மிலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இன்று ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள். ஷஃபீனாவின் கடிதம் ஒரு வாரமாக என் தலையணைக்குக் கீழே இருக்கிறது. இதை எழுதி முடித்து இன்றே தபாலில் போடாவிட்டால் இனி எப்போதும் போடமாட்டேன்.

தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் முஸ்லிம்கள் எல்லோரையும் வடக்கிலிருந்து வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டியிலிருந்து தோணியில் கற்பிட்டிப் பக்கம் வந்த கதை உனக்குத் தெரியும். உம்மா நிறைமாதமாக வந்ததும், அகதி முகாமில் பிள்ளை பிறந்ததும் தெரியும். உனக்குச் சொல்லாத பகுதி இதுதான். அந்தப் பிள்ளை ஒன்பதாம் நாள் காய்ச்சலில் மௌத்தானது. பள்ளிவாசல்துறை மையவாடியில் வேலியோரமாக வாப்பா அடக்கினார்.

அடுத்த கொட்டிலில் ஜெமீலா என்று ஒரு தாய். அவருக்கும் கைக்குழந்தை. அவர் வயிற்றோட்டத்தில் நான்கே நாளில் மௌத்தானார். புருஷன் நஸீம், கையில் ஒன்பது வயது மகன், ஆறு வயது மகள், பச்சைப் பிள்ளை. உம்மாவுக்குப் பால் கட்டி வலியில் அழுதுகொண்டிருந்தார். அந்த மனுஷன் பிள்ளையைக் கொண்டுவந்து உம்மாவின் மடியில் வைத்தார். எலுவன்குளத்தில் வயல் வேலை இருக்கிறது, பெரியவர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். “பால்குடி மறக்கும்வரை உங்களோட இரிக்கட்டும் தங்கச்சி” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் உனக்கு வைத்திருந்த பெயர் நௌஃபர்.

சொன்னபடி இரண்டு வருடம் கழித்து வந்தார். நீ பக்கத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாய். வாப்பா கடலில். “புள்ள எங்க?” என்று கேட்டார். உம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றார், வாய் திறக்கவில்லை. எனக்குப் பதினான்கு வயது. நான்தான் சொன்னேன், “புள்ள மௌத்தாகிட்டு மாமா” என்று. அவர் நம்பாதவர்போல் நின்றார். நான் அவருடைய கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் வேலிக்கு வெளியே நின்று எங்கள் தம்பியின் கபுரைக் காட்டினேன். உம்மா சொன்ன பொய் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உம்மா சொல்லவில்லை தம்பி. நான் சொன்னேன். நீ போய்விடக்கூடாது என்று சொன்னேன். வாப்பா திரும்பி வந்து கேள்விப்பட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆனால் அவரும் உன்னைத் தூக்கிக் கொடுக்கப் போகவில்லை.

அந்த மனுஷன் ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் மறுநாள் பிள்ளைகளோடு வந்து அந்தக் கபுரில் யாசீன் ஓதுவார். நீ மாமா வீட்டுக்குப் போனதன் காரணம் அதுதான். அவர் மௌத்தான பிறகு மகன் பாறூக் வருகிறார். இன்றும் வந்தார். தேத்தண்ணி கொடுத்தேன், வட்டிலப்பம் கொடுத்தேன். எனக்கு “ராத்தா” என்றுதான் சொல்வார். அவர் வெளிக்கிட்டபோது வாசல்வரை பின்னால் போனேன். “தம்பி” என்று கூப்பிட்டேன். திரும்பினார். “தண்ணிப் போத்தல விட்டுட்டுப் போறீங்க” என்றேன். போத்தலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஜனவரியில் உன் கடிதம் வந்த அன்றே எனக்குத் தெரியும். நான் பொருந்தமாட்டேன், அவர்கள் பொருந்தலாம் என்று தெரியும். பால் பாதியாகிவிடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். பொருந்தவில்லை என்று வந்ததும், நான்கில் ஒரு பங்கு அப்படித்தான் என்று நீ ஆறுதல் எழுதினாய். அதற்குள்ளும் போய் ஒளிந்துகொண்டேன். உன்னைப் பறிகொடுத்துவிடுவேன் என்ற பயத்தில் உன் உயிரோடு விளையாடிவிட்டேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை.

நஃபீஸா


2024 ஜூலை 1

பாறூக் என்பவரின் முகவரியை அனுப்பவும்.

முஸம்மில்


பள்ளிவாசல்துறை
2024 ஜூலை 8

அன்பான தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தில் சலாம் இல்லை. சரிதான். மருந்து வேலை செய்கிறது என்று ஷஃபீனா போனில் சொன்னாள், அல்ஹம்துலில்லாஹ். நீ எழுதச் சொன்னது முகவரி மட்டும்தான். ஆனால் அதைத் தபாலில் அனுப்பிவிட்டு நான் வீட்டில் இருக்க முடியாது. நானே போனேன்.

மச்சானுக்கும் இதுவரை தெரியாது. சொன்னேன். மனுஷன் சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு வந்தார். பாலாவியில் ஒரு பஸ், புத்தளத்தில் ஒரு பஸ். எலுவன்குளத்தில் பாறூக் யானை வேலிக் கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டு வந்தார். நான் வீட்டுக்குள் போகவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அதைச் சொல்ல எனக்கு முகம் இல்லை. வேலியடியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் முழுவதையும் கேட்டார். முடிந்ததும் வாய்க்காலில் இறங்கி முகம் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். தங்கை சுல்பா பக்கத்து வீட்டிலிருந்து வந்து கேட்டுவிட்டு என்னை ஏசினாள். “எங்கட வாப்பா அந்த மண்ணத் தடவித் தடவியே மௌத்தானார். நீங்க பாத்துக்கிட்டு நின்டீங்க” என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ஏசியது போதாது என்றுதான் பட்டது.

பாறூக் மேலே வந்து உன் படம் இருக்கிறதா என்று கேட்டார். அப்ராவின் போனில் உன் கல்யாணப் படத்தைக் காட்டினேன். இருவரும் குனிந்து பார்த்தார்கள். சுல்பா படத்தில் உன் காதைத் தொட்டாள், வாப்பாவின் காது என்றாள். பிறகு இருவரும் அழுதார்கள். நான் அழவில்லை, அந்த இடத்தில் அழ எனக்கு உரிமை இல்லை.

“கொழும்புக்கு எந்த பஸ்ஸுல போகணும்?” என்று கேட்டார் பாறூக். அவ்வளவுதான் என்னிடம் கேட்டார். இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன் அவர்கள் வந்திருப்பார்கள்.

நஃபீஸா


கொழும்பு
2024 ஓகஸ்ட் 25

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சலாம் சொல்லாமல் எழுதியது இத்தனை நாளும் உறுத்திக்கொண்டே இருந்தது. உங்கள் சீனி எப்படி? அப்ரா கணக்கில் இன்னும் தடுமாறுகிறாளா?

உங்கள் கடிதத்தைப் படித்துப் பத்து நாள் கழித்துத்தான் அந்த ஒரு வரியை எழுதினேன். கோபம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். அந்த வாப்பாவை ஒரு தரமாவது பார்த்திருக்கலாம். ஆனால் வாழையிலையில் இறைச்சி சுற்றிக்கொண்டு ஓடிவந்த ஆளும் நீங்கள்தான். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவைக்கப் பார்த்தேன். முடியவில்லை.

எனக்குப் புதிதாகக் கிடைத்த அண்ணன் பாறூக் நானா வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று “நௌஃபர்” என்று கூப்பிட்டார். எனக்குப் பின்னால் யாரோ இருக்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் சிரித்தார். சிரிக்கும்போது நான் சிரிப்பதுபோலவே ஒரு பக்கம் கோணுகிறது. குளத்து மீன் பொரித்துக்கொண்டு வந்திருந்தார், அதையும் ஷஃபீனாதான் சாப்பிட்டாள். இந்த நோயில் கொழுத்தது அவள் ஒருத்திதான்.

நானாவும் சுல்பா ராத்தாவும் இருவருமே பாதிப் பொருத்தம். நானாவுக்குப் பிரஷர் கூடவாம், அதனால் சுல்பா ராத்தாவைத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள். செப்டெம்பர் நடுவில் ஏற்றுவார்கள். ஏற்றிய பிறகு என் உடம்பில் ஓடுவது முழுக்க அவருடைய இரத்தமாக இருக்குமாம்.

எனக்கு முஸம்மில் என்று பெயர் வைத்தது யார் ராத்தா, உம்மாவா? போர்வை போர்த்தியவர் என்று அர்த்தம். இந்த அறையின் குளிருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. நானா கோபிக்கமாட்டார் என்றால் இதையே வைத்துக்கொள்கிறேன்.

படிவத்தில் சகோதரர் எத்தனை பேர் என்று கேட்டிருந்தது. மூன்று என்று எழுதினேன்.

உங்கள் தம்பி,
முஸம்மில்


எலுவன்குளம்
2024 நவம்பர் 20

நஃபீஸா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க அல்லாஹ் உதவி செய்வானாக. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ஆனால் நீங்களும் அவனும் எழுதிக்கொண்டதை ஷஃபீனா சொன்னாள். அதனால் இதை எழுத்தில் சொல்வதுதான் சரி என்று பட்டது.

தம்பியை அடக்கிப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. அன்று சனத்துக்குள் உங்களோடு ஒன்றும் கதைக்கக் கிடைக்கவில்லை. பள்ளிவாசல்துறையில்தான் அடக்க வேண்டும் என்று அவன் கேட்டதாக ஷஃபீனா சொன்னபோது சுல்பாவுக்கு விருப்பமில்லை. நான்தான் சம்மதித்தேன். எங்களுக்கு அந்த மண்ணில் ஓதிப் பழகிவிட்டது.

உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று அவன் என்னிடம் வாக்கு வாங்கிய ஒரு விஷயம் இருக்கிறது. அவன் மௌத்தாகிவிட்டான், நான் சொல்கிறேன். எனக்குப் பிரஷர் கிடையாது. நான்தான் நல்ல பொருத்தம் என்று முதலில் டொக்டர் சொன்னார். பிறகு இன்னொரு பரிசோதனை செய்தார்கள். மே மாதத்துக்குப் பிறகு ஏற்றிய பை பையான இரத்தத்தால் அவன் உடம்பில் ஓர் எதிர்ப்பு உண்டாகியிருந்தது. என்னுடைய பொருந்தாத பாதியைத்தான் அது குறிவைத்ததாம். என்னுடையதை ஏற்றினால் முளைக்கவிடாது. அவனிடமிருந்து ஜனவரியில் எடுத்த இரத்தம் கொஞ்சம் குளிரில் வைத்திருந்தார்கள். அதில் அந்த எதிர்ப்பு இல்லை.

சுல்பா நான்கு பிள்ளை பெற்றவள். பிள்ளை பெற்ற பெண்ணின் கலங்கள் ஆணின் உடம்போடு சண்டை பிடிக்க இடம் கூட என்று முன்பே சொல்லித்தான் ஏற்றினார்கள். வேறு வழி இல்லை. அவளுடையது நன்றாக முளைத்தது. பிறகு அவனுடைய தோலையும் குடலையும் எரித்தது. அவள் இன்னும் தன்னைத்தான் நொந்துகொண்டிருக்கிறாள். அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்களைக் குத்துவதற்காக எழுதவில்லை என்று முதலில் எழுதி வெட்டிவிட்டேன். கொஞ்சம் அதற்காகவும்தான். நமக்கிடையில் இனிப் பொய் வேண்டாம்.

கடைசிக் கிழமை அவன் அரை மயக்கத்தில் இருந்தான். நான் நௌஃபர் என்றால் கண்ணைத் திறப்பான். ஷஃபீனா முஸம்மில் என்றாலும் திறப்பான். ராத்தா என்று இரண்டு முறை சொன்னான். சுல்பா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். அவன் கூப்பிட்டது உங்களை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இப்போது மீஸான் கல் நட வேண்டும். அவனுக்குப் பக்கத்தில் அந்தச் சின்னக் கபுர் இருக்கிறது. முப்பத்திரண்டு வருடம் எங்கள் தம்பி என்று நாங்கள் ஓதியது உங்கள் தம்பிக்கு. அந்த ஓதல் வீணாகவில்லை, போய்ச் சேர வேண்டிய பிள்ளைக்குத்தான் சேர்ந்திருக்கிறது என்கிறார் எங்கள் மௌலவி. அடுத்த பெருநாளுக்கு வரும்போது இருவருக்கும் ஓதுவோம். சின்னவனுக்கும் ஒரு கல் நட நினைக்கிறேன். இரண்டு விஷயம் எழுதி அனுப்புங்கள். எங்கள் தம்பியின் கல்லில் எந்தப் பெயரைப் போடுவது? உங்கள் தம்பிக்கு என்ன பெயர்?

பாறூக்


பள்ளிவாசல்துறை
2024 டிசம்பர் 1

அன்புள்ள தம்பி பாறூக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் சுல்பாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். சுல்பாவிடம் சொல்லுங்கள், பிழை அவளுடைய இரத்தத்தில் இல்லை. ஜனவரிக்கும் ஜூனுக்கும் இடையில் என் வீட்டில் உட்கார்ந்திருந்தது அது. நீங்கள் எழுதியது நல்லது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தினமும் அஸர் தொழுதுவிட்டு மையவாடி வேலிவரை போகிறேன். பெண்கள் உள்ளே போவதில்லை, வெளியே நின்று ஓதுகிறேன். இரண்டு கபுரும் வேலியோரம் இருப்பதால் நன்றாகத் தெரிகிறது. பெரியதில் மண் இன்னும் ஈரமாக இருக்கிறது.

நீங்கள் கேட்டதையே தம்பியும் ஓகஸ்டில் என்னிடம் கேட்டான், தனக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று. எழுத எழுதக் கிழித்தேன். அதற்குள் அவனுக்கு ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். இனிச் சொல்லலாம் என்று இருந்தேன், இனி என்பது வரவில்லை.

எங்கள் தம்பியை அடக்கிவிட்டு வந்த அன்று உம்மா அவன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். மறுநாள் உங்கள் வாப்பா மடியில் வைத்துவிட்டுப் போன பிள்ளை பால் குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. உம்மா எங்கள் தம்பியின் போர்வையை எடுத்து அதைச் சுற்றினார், அவன் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார். பிள்ளை குடித்தது. அதன்பிறகு வேறு பெயர் சொல்லி ஒருநாளும் கூப்பிடவில்லை.

அதனால் உங்கள் தம்பியின் கல்லில் நௌஃபர் என்று எழுதுங்கள், நஸீம் மகன் நௌஃபர். அது அவனுடைய வாப்பா வைத்த பெயர். சின்னக் கல்லில் முஸம்மில் என்று எழுதுங்கள். இத்தனை வருடம் அவன் அதை இரவல் கொடுத்திருந்தான்.

வஸ்ஸலாம்.

இரண்டு பேருக்கும் ராத்தா,
நஃபீஸா